மாடியில் ஒரு ஃபோல்டர்!

செல்போன் அலறியது.

கேபிள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.

செத்தவனின் பொண்டாட்டி!

அடித்து ஓயட்டும் என்று விட்டான். ஓயவில்லை. மறுபடி அலறியது...

எடுத்தான்.

"சொல்லுங்கக்கா..."

"தம்பி, கடையிலயா இருக்கே? வீடு வரைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போப்பா. கீழ இருக்கற கம்ப்யூட்டர்லேர்ந்து மாடிக் கம்ப்யூட்டரைத் திறக்க முடியல. ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ரெண்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது!"

"அதை எதுக்குக்கா இப்பப் போயி..."

"அவரு மாடிக் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர் வெச்சிருக்காரு. சாகறதுக்கு முன்னாடி எதையோ அதுல சேத்துக்கிட்டே இருந்தாரு. என்னன்னு பாக்கணும். உனக்கு வேலை இருந்தா விடு, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

வேற ஆள்!

"ஐயோ, வேணாங்க்கா! இதோ கெளம்பிட்டேன்!"

போனை வைத்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

கேபிள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதால் தெரு வைத்த பெயர் அது. வேலையில் சுத்தம். ஆனால் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் அதற்குள் ஒரு புறவாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வருவான். பிறகு கடையில் உட்கார்ந்தபடியே அந்த வீட்டுப் பெண்களின் படங்களை அள்ளுவான். அப்புறம் முகம் தெரியாத நம்பரிலிருந்து அந்தப் பெண்களுக்கு மிரட்டல்!

அதைக் கண்டுபிடித்தவன் ஒரே ஒருத்தன். அக்காவின் புருஷன்.

வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் கேபிளை மாடிக்குக் கூப்பிட்டு, "எல்லாத்துக்கும் ஆதாரம் வெச்சிருக்கேன்டா. பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. இனிமே எப்படி உள்ள வர்றேன்னு பாக்கறேன்" என்றான்.

கேபிள் அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். எலும்பு நெரிகிற வலியில் அவன் புதுப் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டான். அடுத்த நொடியே திமிறிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான்.

ஒரே தள்ளு!

உருண்டவன் எழுந்திருக்கவில்லை. ஃபோல்டரை அழிக்கத் திரும்பினால்... வாசல் கேட் திறக்கும் சத்தம்! கேபிள் பின்பக்கச் சுவரேறிக் குதித்தான்.

கால் தவறி விழுந்த கேஸ் என்றார்கள். "நான் அந்தப் பக்கம் போயே ரொம்ப நாளாச்சு சார்" என்று கேபிள் சொன்னதைப் போலீஸ் அப்படியே எழுதிக்கொண்டது.

கடையிலிருந்தே நுழைந்து அழிக்கலாம் என்று பார்த்தான். பிள்ளையைப் பறிகொடுத்த பெரியவர், தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இன்டர்நெட் ஒயரை ஆத்திரத்தில் பிடுங்கி எறிந்திருந்தார். வீட்டுக்குள் கால் வைத்தால்தான் ஆகும் என்ற நிலை.

இப்போது அவளே வா என்கிறாள்!

---

மாடிப்படியின் கடைசிப் படியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஆயுசு முழுக்க லாரிக்கு மூட்டை ஏற்றிய உடம்பு. பிள்ளை போனதிலிருந்து உடம்பு பாதியாகிவிட்டது. கை மட்டும் இளைக்கவில்லை.

கேபிள் அந்தப் படிகளைப் பார்க்காமல் பேசினான்.

"ஐயா, மேல போயி ஒரு பார்வை பாத்துட்டா சட்டுனு முடிஞ்சிடும்..."

"மேல ஏறப்படாது."

"இல்லீங்கய்யா, அந்த மிஷின்ல..."

"எம்புள்ள போட்டது போட்டபடி கெடக்கட்டும். மிஷினைக்கூட நான் அணைக்கல. ஓடிக்கிட்டுத்தான் கெடக்கு. நீ கீழயே நோண்டு."

"மாமா அப்படித்தான் தம்பி. நானே மேல போகணும்னா டிக்கெட் எடுக்கணும்" என்றாள் அக்கா. பஸ் கண்டக்டர். டியூட்டிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எழுந்து போகிற எண்ணமே அவளுக்கு இல்லை!

கேபிள் கீபோர்டில் கை வைத்தான். விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டான்.

"மொதல்ல ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தை இருக்கான்னு பாக்கலாம்க்கா." மாடிக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். உடனே பதில் வந்தது. "ஒயர் பழுதில்ல. கோளாறு இதுலதான். பாருங்க, 'பப்ளிக்'னு கெடக்கு. எங்கயோ பொது எடத்துல நிக்கறோம்னு நெனச்சு யாருக்கும் முகம் காட்டாது. 'பிரைவேட்'னு மாத்தினா, அட, நம்ம வீடுதானான்னு வாயைத் தெறக்கும்."

"மனுஷங்க இதுக்குத் தலைகீழ் தம்பி. எங்க பஸ்ஸுல ஏறினா வாய் மூடறதில்ல. வீட்டுக்குப் போனா தெறக்கறதில்ல."

சிரித்து வைத்தான்.

மாற்றினான். ஷேரிங் அனுமதியைத் திறந்தான். மறுபடி தேடச் சொன்னான். திரையில் வட்டம் சுற்றியது... சுற்றியது...

மாடிக் கம்ப்யூட்டர் வந்து நின்றது!

"வந்துருச்சு!" அக்கா அவன் தோளுக்கு மேலே குனிந்தாள்.

கிளிக்கினான். சின்னதாக ஒரு பெட்டி குதித்தது.

பாஸ்வேர்ட்?

"எங்க கல்யாணத் தேதிதான் எப்பவும் வெச்சிருப்பாரு" என்று சொன்னாள். அடித்தான். தவறு என்றது திரை. தவறு என்று அவனுக்கு முன்பே தெரியும்.

"வேற எதுனா ஞாபகம் வருதாக்கா?"

"எனக்கு அதை விட்டா வேற தெரியாதுப்பா..."

இந்தப் பொம்பளை எழுந்து போனால் போதும். ஒரே நிமிஷம்!

"அக்கா... வெயில்ல வந்தது, நாக்கு ஒட்டுது. ஒரு வாய் டீ கெடைக்குமா?"

"அடடா, வந்தவனுக்கு ஒண்ணும் குடுக்காம உக்காந்திருக்கேன் பாரு!"

அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேபிள் அடித்தான். முறுக்கிய கையிலிருந்து பிடுங்கிய அந்தப் பாஸ்வேர்டை... எழுத்து எழுத்தாக...

"ஏய், கேபிளு!"

விரல் அந்தரத்தில் நின்றது!

"எ... என்னங்கய்யா?"

"அதுல எம்புள்ள கொரல் இருக்குமாடா? பேசினது, சிரிச்சது, எதுனா..."

பெரியவர் தலை நிமிரவில்லை.

"பாக்கறேங்கய்யா..."

என்டரைத் தட்டினான். திறந்தது!

ஃபோல்டரின் பெயரே 'கேபிள்'. உள்ளே அவன் எந்தெந்த வீட்டுக்குள் புகுந்தான், எதை எதை எடுத்தான், யார் யாரை மிரட்டினான்... ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தான் பாவி!

மொத்தத்தையும் அழித்தான். நெட்வொர்க் வழியாக அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. போனது போனதுதான். பிறகு தொடர்பை வெட்டினான். மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும்படி அந்தச் சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அக்கா டீயோடு வந்தாள்.

"என்னாச்சு தம்பி?"

"ம்ஹூம். பாஸ்வேர்ட் இல்லாம ஒண்ணும் நடக்காதுக்கா. தலைகீழா நின்னு பாத்துட்டேன், உள்ளயே நுழைய முடியல."

"நுழையவே முடியலையா?"

"சத்தியமா!"

டீயை வாயில் வைத்தான். அப்போதுதான்...

மாடியில் கதவு திறந்தது.

பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு படியாக. பெரியவர் எழுந்து வழிவிட்டார்.

இறங்கி வந்தவர் இன்ஸ்பெக்டர்!

"நுழைய முடியலையா? என்னப்பா இது, மேல என் கண்ணு முன்னாடியே ஒரு ஃபோல்டர் காணாமப் போச்சே!"

டீ தம்ளர் நழுவிக் காலில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை.

"மே... மேல யாரும் ஏறக்கூடாதுன்னு..."

"நீ ஏறப்படாதுன்னேன்" என்றார் பெரியவர்.

"ஃபோல்டர் போச்சேன்னு எங்களுக்குக் கவலை இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "மாடி மிஷின் அன்னையிலேர்ந்து பூட்டாமத்தான் கெடந்துச்சு. இந்தம்மா போன வாரமே பாத்துட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டாங்க. காப்பி எடுத்து வெச்சாச்சு."

கேபிளின் மூளை ஓடியது. திருட்டை ஒத்துக்கொள். கொலையிலிருந்து நழுவு!

"சார்... படம் எடுத்தது தப்புதான் சார். மிரட்டினதும் தப்பு. கால்ல விழறேன். ஆனா அவரு செத்ததுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல! அன்னைக்கு நான் இந்த வாசப்படியே மிதிக்கல!"

"அப்ப அந்தப் பாஸ்வேர்ட் உனக்கு எப்படிடா தெரியும்?"

கேட்டவள் அக்கா. இதுவரை இருந்த குரல் இல்லை அது.

"என்னக்கா... உங்க வீட்டுக்காரர்தான் எப்பவோ..."

"எப்பவோ இல்லடா. அன்னைக்கு மத்தியானம் வண்டியில இருக்கேன், போன் பண்ணினாரு. 'இப்பத்தான் பாஸ்வேர்டை மாத்தினேன், போன்ல வேணாம், வீட்டுக்கு வா, சொல்றேன்'னாரு. வந்தேன். சொல்றதுக்கு ஆள் இல்ல!" கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் அவர்கூட இருந்தவனுக்கு மட்டும்தான்டா தெரியும். அவன் வந்து கை வெக்கட்டும்னுதான் இந்த மிஷினை நானே கெடுத்து வெச்சேன்!"

"என்னைக்கு மாத்தினதுன்னு மேல கம்ப்யூட்டரே தேதி போட்டு வெச்சிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "கீழேர்ந்து ஒருத்தன் சரியான பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள வந்ததும் பதிஞ்சிருக்கு. அந்த ஃபோல்டர் உன்னைத் திருடன்னு மட்டும்தான்டா சொல்லிச்சு. கொலைகாரன்னு நீயே டைப் பண்ணிக் குடுத்துட்டே!"

கேபிள் வாசலைப் பார்த்தான்.

பாய்ந்தான்!

பாதி தூரத்தில் நின்றுபோனான். மணிக்கட்டில் பெரியவரின் பிடி விழுந்திருந்தது. உதறினான். திருகினான். அசையவில்லை.

"இதே கையாலதானே தள்ளினே?" பெரியவர் மெதுவாகத்தான் கேட்டார். பிடி இறுக இறுகக் கேபிள் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா... விட்டுடுங்க ஐயா... ஒடிஞ்சிடும்..."

"மாமா, விடுங்க" என்றாள் அக்கா. "நமக்கு அது வேணாம்."

அவர் விட்டார். இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

ஜீப்பில் ஏற்றும்போது கேபிள் குழந்தை மாதிரி விசும்பினான். "சார்... என்னை எங்க சார் வெப்பீங்க?"

"லாக்கப்புலதான். ஏற்கெனவே நாலு பேர் இருக்கானுங்க. ஒரே பாய், ஒரே பக்கெட், ஒரே கக்கூஸ்!" இன்ஸ்பெக்டர் ஜீப் கதவை அறைந்து சாத்தினார். "அங்க எல்லாமே ஷேரிங்தான் ராசா... எவனும் பாஸ்வேர்ட் கேக்க மாட்டான்!"