கூர்லி பாலிநாராவுக்கு வந்த பிற்பகல்

காலை ஆறு மணிக்கு அந்தத் தடம் இல்லை. சோலென் அதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வாள். ஈரம் சொட்டிய கால்சட்டையைக் கத்தரியால் கிழித்தெடுத்து, வெந்நீரில் நனைத்த துண்டால் அந்த மனிதனை இடுப்பிலிருந்து பாதம் வரை துடைத்துவிட்டவள் அவள்தான். மீன் வயிறு போல வெளுத்திருந்த தோலில் அப்போது ஒரு கீறல்கூடக் கிடையாது. இப்போது மணி ஒன்று. பாதத்துக்குச் சூடு திரும்பியிருக்கிறதா என்று பார்க்கக் கம்பளியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது கணுக்கால் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. ஒரு பக்கம் பெருவிரல் அழுந்திய மாதிரி ஒரு தடம். மறுபக்கம் ஒரே ஒரு விரல்.

வலிக்கிறதா என்று கேட்டாள். மாலக்கி டோலன் தன் காலை ஒரு நொடி பார்த்தான். பிறகு கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, கயிறு சுற்றியிருக்கும் என்றான்.

கூர்லி பிரெஞ்சுக் கடற்படையின் ரோந்துக் கப்பல். சோலென் அதில் நர்ஸ். எட்டு வருடமாகக் கடல்தான் வாழ்க்கை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் பாலிநாரா என்ற சின்னத் துறைமுகத்துக்கு மூன்று நாள் நல்லெண்ணப் பயணமாகத்தான் கிளம்பி வந்தார்கள். ஊர்க்காரர்களோடு ஒரு ரக்பி ஆட்டம், நகர மண்டபத்தில் விருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டுவது என்று பட்டியல் தயாராக இருந்தது. மாலுமிகள் ஒரு வாரமாக மதுக்கடைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லியே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று விடியும் நேரத்தில், மூடுபனிக்குள்ளே உதவி கேட்டு ஒரு சிவப்பு வாணம் எழுந்து அணைந்தது. போய்ப் பார்த்தால், பாதிதான் காற்று ஏறிய ஒரு மிதவைப் படகில் மாலக்கி குப்புறக் கிடந்தான். அதைச் சுற்றி இரண்டு உடல்கள் மிதந்துகொண்டிருந்தன. ஃபிந்தன், மாலக்கியின் தங்கை ப்ரோனாவைக் கட்டியவன். இன்னொருவன் ஃபிந்தனின் தம்பி டெக்லன். மூன்று பேருக்கும் பாலிநாராதான் ஊர். முந்தின நாள் புயலில் மூழ்கிய மீன்பிடிப் படகு மாலக்கியுடையது.

பனியில் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. அதனால் விருந்துக்குப் போக இருந்த கப்பலே பிணங்களைச் சுமந்துகொண்டு போயிற்று.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கப்பலின் ஊதல் நீளமாக அலறி அடங்கும். அடங்கிய பிறகு எந்திரத்தின் முனகலும், குழாய்களுக்குள் நீர் ஓடும் சலசலப்பும், டீசலும் மருந்தும் ஈரக் கம்பளியும் கலந்த வாடையும் அந்தக் குறுகலான சிகிச்சை அறையில் கனமாகத் தேங்கி நிற்கும். ஒன்றரை மணிக்கு அவள் மறுபடி கம்பளியை விலக்கினாள். கணுக்காலில் இருந்த நீலம் அப்படியே இருந்தது. அதற்கு மேலே, கெண்டைச் சதையில் புதிதாக ஒன்று. முழங்காலுக்குக் கீழே இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரு பெருவிரல், ஒரு விரல். ஏணியில் ஏறுகிறவன் படி மாற்றிப் படி பிடிப்பதுபோல.

அவள் கம்பளியை மூடினாள். உடல்களை வைத்திருந்த குளிர் அறைக்குப் போனாள்.

சமையல்காரன் மொர்வான் கதவுக்கு வெளியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். மலை மாதிரி ஆள். எப்போதும் எதையாவது குறைப்பட்டுக்கொண்டே இருப்பான். உள்ளே பிணங்களை வைத்ததால் தன் வெண்ணெயும் சீஸும் மேல்தளத்துக் குளிரில் கிடக்கின்றன, விருந்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்த ஆட்டுத்தொடைகள் இரண்டு செத்தவர்களுக்குக் காவல் இருக்கின்றன என்று ஆரம்பித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தாழ்ப்பாள நான்தான் போட்டேன், சோலென். இந்த இடத்த விட்டு நான் நகரல. ஆனா உள்ள ஏதோ இழுபடற சத்தம் கேக்குது. தார்ப்பாய தரையில இழுத்தா வருமே, அந்த மாதிரி. மூணு வாட்டி தொறந்து பாத்துட்டேன். ரெண்டு பிணப் பையும் வச்ச இடத்துலதான் இருக்கு."

"அலையில கப்பல் ஆடுதுல்ல."

"ஆடட்டும். இத்தன வருஷமா ஆடுது. எனக்குத் தெரியாத சத்தமா?"

உள்ளே போனாள். மூச்சு புகையாக வந்தது. ஃபிந்தனின் பையைத் திறந்து வலது கையை வெளியே எடுத்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் இருந்தன. மற்ற மூன்றும் அடியோடு இல்லை. காலையில் வலை இழுக்கும் எந்திரத்தில் போயிருக்கும் என்று அவளே எழுதி வைத்திருந்தாள். இப்போது விளக்கை நெருங்கிப் பிடித்துப் பார்த்தாள். எந்திரம் நசுக்கும், பிய்க்கும். இங்கே எலும்பு நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. மிஞ்சிய இரண்டு நகங்களின் அடியில் தோலும் இரத்தமும் ஒட்டியிருந்தன. காலையில் அவள் சோப்புப் போட்டுக் கழுவிய கை அது. இரத்தம் இன்னும் உறையவில்லை.

பையை மூடினாள். பையின் ஜிப் இரண்டு முறை சிக்கியது.

திரும்பி வந்தபோது மாலக்கி கட்டிலில் உட்கார்ந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான். தடங்கள் தொடை வரை வந்திருந்தன. இரண்டு காலிலும். இடது காலில் ஐந்து விரலும் முழுசாகப் பதிந்திருந்தன. அது வேறு ஒரு கை.

அவள் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவனாகவே சொன்னான். மிதவை கிழிந்திருந்தது, ஒரு ஆளைத் தாங்கினாலே பெரிசு. மூன்று பேரும் ஏறினால் மூன்று பேரும் போயிருப்பார்கள். டெக்லன் இடது காலைப் பிடித்தான். துடுப்பால் தலையில் அடித்தபோது விட்டுவிட்டான். ஃபிந்தன் விடவில்லை. மீன் வெட்டும் கத்தி இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு விரலாகத்தான் வெட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது விரலுக்கு அப்புறம் பிடி தளர்ந்தது. அந்த நேரம் முழுக்க ஃபிந்தன் கத்தவே இல்லையாம். மாலக்கியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம், கடைத்தெருவில் பார்த்துக் கூப்பிடுவது போல.

"என் தங்கச்சி துறையில நிப்பா, சிஸ்டர். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவனுக்கும் எனக்கும் சின்ன வயசுலேர்ந்து பழக்கம். நான்தான் அவள அவனுக்குக் கட்டி வச்சேன்."

சோலென் எழுந்து கேப்டனிடம் போனாள். கத்தியைப் பற்றிச் சொன்னாள். தடங்களைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கேப்டன் முன்கண்ணாடியிலிருந்து திரும்பினார். கரையில் ஐரிஷ் போலீஸ் நிற்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அதுவரை யாரும் வாய் திறக்க வேண்டாம் என்றார்.

மூன்று மணிக்குப் பாலிநாரா வந்தது. பனிக்குள் முதலில் தேவாலய மணியோசைதான் கேட்டது. பிறகு கறுத்த கல் துறை. வரவேற்புக்குக் கட்டிய கொடித் தோரணங்களைப் பாதி அவிழ்த்து விட்டிருந்தார்கள். அவை ஈரத்தில் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. ஊரே வந்து நின்றிருந்தது. முந்தின நாள் புயலின் அலை இன்னும் அடங்காததால், கயிறு கட்டிய பிறகும் கப்பல் நிலைகொள்ளவில்லை. ஒன்றரை மீட்டர் விலகும். நிற்கும். பிறகு பாரம் முழுவதையும் சேர்த்துக்கொண்டு துறையை நோக்கி வரும். நடுவில் தொங்கிய ரப்பர் தடுப்புகள் நசுங்கி முனகும்.

சிகிச்சை அறையில் ஏதோ முறிந்தது. காய்ந்த குச்சி ஒடிவது போலச் சின்னச் சத்தம். மாலக்கி தன் விலாவைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். சட்டைக்கு மேலாகவே தெரிந்தது. துணி இரண்டு இடத்தில் உள்ளே அமுங்கிற்று. அங்கே யாரும் இல்லை. இன்னொரு விலா முறிந்தது.

அவள் ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுப்பதற்குள் அவன் எழுந்து ஓடினான். வெறுங்காலோடு. தாழ்வாரம். இரும்புப் படி. மேல்தளம். தரையை மிதித்துவிட்டால் போதும் என்று புலம்பிக்கொண்டே ஓடினான். அவள் பின்னாலேயே ஓடினாள். இறங்குபலகையின் மேல் அவன் நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டுக்குக் கால் எழும்பவில்லை.

விழவில்லை அவன். இழுக்கப்பட்டான். இரண்டு காலும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் போயின. பலகையின் கைப்பிடிக் கயிற்றுக்குக் கீழே சரிந்து, கப்பலுக்கும் கல்லுக்கும் நடுவில் இடுப்பு வரை போய்விட்டான். சோலென் பலகையில் குப்புற விழுந்து ஒரு கையால் பலகையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கீழே தொங்கியது வெறும் பாரம் இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கீழே யாரோ இழுத்தார்கள். விட்டு விட்டு. கை மாற்றி மாற்றி.

கப்பல் விலகியபோது அவன் வாயைத் திறந்தான். குரல் துறை முழுக்கக் கேட்டது.

"விடு மச்சான். விட்டுடு. வேற வழி இல்லாமத்தான் உன் வெரல வெட்டினேன். டெக்லனத்தான் முதல்ல அடிச்சேன், உன்மேல கடைசியாத்தான் கை வச்சேன் மச்சான்."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, தலையில் ஒன்றும் இல்லை. ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். கரைப் பக்கமாகப் பலகையில் ஏறிச் சோலெனின் எதிரே மண்டியிட்டாள். மாலக்கி அவளை அண்ணாந்து பார்த்து, "ப்ரோனா, பிடிம்மா" என்றான். சோலெனும் அதையேதான் சொன்னாள். பிடிங்க, நானும் நீங்களும் சேர்ந்தா தூக்கிடலாம்.

ப்ரோனா கையை நீட்டினாள். சோலெனின் சுண்டுவிரலைப் பிடித்து, அண்ணனின் மணிக்கட்டிலிருந்து பிரித்தாள். பிறகு மோதிர விரலை. அவசரமே இல்லை அவளிடம். அவள் கை குளிர்ந்து, சோப்பு வாசனையோடு இருந்தது.

"எத்தன வெரலு?" என்று கேட்டாள், மாலக்கியைப் பார்த்து.

மூன்றாவது விரலை அவள் பிரித்தபோது சோலெனின் பிடி நழுவியது.

கப்பல் கரைக்கு வந்தது. எந்தத் தடுப்பும் முனகவில்லை; வேறு ஏதோ முனகியது. பலகை அதிர்ந்தது. துறையில் யாரோ வாந்தி எடுத்தார்கள். கப்பல் விலகியது. ப்ரோனா குனிந்து பார்த்தாள். சோலென் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே பார்த்தாள்.

மூழ்கியிருக்க வேண்டும் அவன். மூழ்கவில்லை. கறுத்த நீருக்கு மேலே மார்பு வரை நிமிர்ந்து நின்றான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது, கண்கள் திறந்திருந்தன, உதடு அசைந்தது. அவன் நிற்கவில்லை என்பது அடுத்த நொடிதான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு அக்குளுக்கு அடியிலும் சட்டை உள்ளே அமுங்கியிருந்தது, ஒரு பக்கம் ஐந்து விரல் அளவு, மறுபக்கம் இரண்டு. குழந்தையைத் தூக்கிக் காட்டுவது போல அவனை ஏந்திப் பிடித்திருந்தார்கள். கப்பலின் இரும்பு மறுபடி மெதுவாகக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது.