நானூற்று ஒன்றாவது குதிரை

ஹார்லன் பாட்ஸ் தன் பெயின்ட் ஷெட்டில் பிணமாகக் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ஸ்பேனர் அடி!

நேரம், வியாழன் மதியம் இரண்டிலிருந்து இரண்டரைக்குள்.

இன்று சனிக்கிழமை. டொலீடோ நகரின் ஹாம்பர்கர் கடை வாசலில் பழைய கார்ப் பைத்தியங்கள் வழக்கம்போல் கூடியிருந்தார்கள். வெர்ஜில் ஸ்டாம்பர் தன் 1969 மாடல் கமாரோவை நான்காவது தடவையாகத் துடைத்தான். கை நிற்கவில்லை. மனசும்தான்.

முன்கண்ணாடியில் ஒரு காகிதம்.

'401 குதிரைசக்தி!'

முன்பு முந்நூற்றுப் பன்னிரண்டு. எஞ்சினுக்குப் புது கேம் ஷாஃப்ட், புது கார்புரேட்டர், எட்டு மாத உழைப்பு. "உன் தகர டப்பா நானூறைத் தொட்டா மீசையை எடுத்துடறேன்" என்று இதே இடத்தில் சிரித்தவன் ஹார்லன். இப்போது மீசையோடு மார்ச்சுவரியில்.

போலீஸ் கார் வந்து நின்றது. சார்ஜென்ட் லோர்னா பிக்கெட் இறங்கி, நேராகக் காகிதத்தைப் படித்தாள்.

"மிஸ்டர் வெர்ஜில்... கொலை நடந்தப்போ எங்க இருந்தீங்க?"

"அதான் சொன்னேனே மேடம். ஹார்லனோட பார்ட்னர் வெண்டெல் கடையில. குதிரைசக்தி அளக்கிற டைனோ மெஷின்ல என் கார் ஓடிட்டிருந்தது."

பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் கொறித்துக்கொண்டிருந்த வெண்டெல் க்ரெப்ஸ் தலையாட்டினான்.

"ஆமா மேடம். ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் நான் கம்ப்யூட்டரை விட்டு எந்திரிக்கவே இல்ல."

லோர்னா காகிதத்தைத் தட்டினாள்.

"வெப்பம் நூத்தி நாலு டிகிரின்னு போட்டிருக்கு. வியாழக்கிழமை மழை... அறுபத்தொண்ணுதான்! இது அன்னிக்கு எடுத்த காகிதமே இல்ல. தேதியை மாத்தியிருக்கீங்க. ஹார்லன் மேல கோபம் வேற..."

கைவிலங்கு எட்டிப் பார்த்தது.

சுற்றிலும் முப்பது நண்பர்கள். கொலைகாரன் என்றால்கூடத் தாங்கிவிடுவான் போலிருந்தது. ஆனால், அந்த உண்மையை இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது...?

"ஒத்துக்கறேன்!" என்று கத்தினான். "பண்ணிட்டேன்!"

"கொலையா?"

"ஐயோ, அது இல்ல! வெப்பத்தைப் பொய்யா டைப் பண்ணேன்! வெயில்ல எஞ்சினுக்கு மூச்சு வாங்கும்னு மெஷினே ஈடா கொஞ்சம் குதிரையைக் கூட்டிக் குடுக்கும் மேடம். நிஜமா வந்தது முந்நூத்தி எண்பத்தாறுதான். தொண்ணூறு டிகிரி போட்டேன், பத்தல. தொண்ணூத்தெட்டு... அதுவும் பத்தல. நூத்தி நாலுலதான் நானூறைத் தாண்டுச்சு! கிழிச்ச காகிதமெல்லாம் கார்லயே இருக்கு. எல்லாத்துலயும் மணி இருக்கும்... ரெண்டு பத்து, ரெண்டு பதினஞ்சு, ரெண்டு இருபத்தஞ்சு!"

"அடப்பாவி!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வெர்ஜில் கூனிக் குறுகினான்.

லோர்னா மட்டும் சிரிக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல டைப் பண்ணது நீங்களா?"

"ஆமா மேடம். வெண்டெல் காபி வாங்க..."

பாதியில் நிறுத்தினான்.

"...வெளிய போயிருந்தான். அரை மணி நேரம். அதைச் சொன்னா இது வெளிய வந்துடுமேன்னு..."

எல்லாத் தலைகளும் திரும்பின.

வறுவல் பொட்டலம் தரையில் கிடந்தது. வெண்டெல்லைக் காணோம்!

உர்ர்ர்ரூம்...!

"டேய், என் காரு...!"

சாவியோடு நின்ற கமாரோ சீறிக்கொண்டு பறந்தது. போலீஸ் காரில் இருந்தவர்கள் துரத்த, பின்னாலேயே சைரன் அலறல்.

நான்கு நிமிடம். வெர்ஜில் நகம் கடித்தான். லோர்னாவின் வயர்லெஸ் கரகரத்தது.

"மடக்கிட்டோம் மேடம்! கூட்டுக் கடையை வித்துடறேன்னு ஹார்லன் சொன்னானாம், அதான் அடிச்சேங்கறான். செம ஓட்டம்... மயிரிழையில புடிச்சோம்!"

"மேடம்... என் கார்?" என்றான் வெர்ஜில்.

"கீறல்கூட இல்லையாம்."

லோர்னா கைவிலங்கை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"நல்லவேளை வெர்ஜில்... அந்தப் பதினஞ்சு குதிரை மட்டும் நிஜமா இருந்திருந்தா, அவன் தப்பிச்சிருப்பான்!"