கலையாத சிவப்புப் புள்ளிகள்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஓர் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கல்கிசையிலிருந்து பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார் பருத்த உடம்புக்காரர் கேதாரநாதன். அவர் பெட்டியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்த கண்டக்டர், உள்ளே குழந்தை இருக்கிறதென்று நினைத்து அரை ரிக்கற் கேட்டாராம். கேதாரநாதன் மறுபேச்சில்லாமல் கொடுத்தாராம்.

அவர் தேடி வந்த நாகேந்திரம், காப்புறுதிக் கம்பனியொன்றில் முப்பத்தொரு வருடம் மோட்டார் விபத்துகளை விசாரித்து இளைப்பாறியவர். நிதானமான மனிதர். காலி வீதியோரத்துத் தென்னைமரம் ஒன்று திடீரென்று பாதையைக் கடந்து தன் மேல் மோதியதாக ஒரு லொறிச் சாரதி எழுதிக் கொடுத்தபோதும், அவர் சிரிக்காமல் போய் மரத்தைப் பார்த்து, மரம் குற்றமற்றது என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவள் கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸ். அவர் இளைப்பாறிய மாதமே தானும் வேலையை விட்டுவிட்டு, அவர் வீட்டு முன்னறையில் கொப்பியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் எழுதும் விபத்துகளில் உப்புச்சப்பு இல்லையாம்.

"இது விபத்தில்லை, அண்ணை. கொலை," என்றார் கேதாரநாதன்.

"ஆரை?"

"என்ர காரை."

கொன்ஸ்ரன்ஸ் கொப்பியைத் திறந்து அப்படியே எழுதிக்கொண்டாள்.

பெட்டிக்குள் இருந்தது முழங்கை நீளத்தில் ஒரு ரிமோட் பந்தயக் கார். கரிய கார்பன் தகடுகள் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாய். அவற்றுக்கிடையே மோட்டார், நான்கு மூலையிலும் சில்லுகள், எல்லாவற்றையும் மூடி மெல்லிய பிளாஸ்டிக் கூடு. கூட்டின் முன்மூலை நொறுங்கிக் கிடந்தது.

"கட்டுறது மஜீட், ஓட்டுறது நான். பதினெட்டு வருசம்," என்றார் கேதாரநாதன். "இது வரைக்கும் ஆரும் ஓடிக் கழிச்ச காருகள்தான். புதுப் பெட்டி பிரிச்சுக் கட்டினது இதுதான் முதல். தன்ர தையல் மிசின் கடையில, கண்ணாடித் தட்டில வைச்சு மூண்டு மாசம் கட்டினான். சனிக்கிழமை தெரிவுப் போட்டியில எங்கடைதான் முதல். எல்லாற்ற கண்ணும் அதிலதான். ஞாயிறு இறுதிப் போட்டி. வெண்டால் பாங்கொக் போட்டிக்குப் போகலாம். முதல் நேர்ப்பாதையில வேகத்தைக் குடுக்கிறன், வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பலகையில அடிச்சுது. ரெண்டாவதாய் வந்துகொண்டிருந்த ஆதப்பன் பக்கத்தால போய் வெண்டிட்டான்."

"அதுக்குப் பிறகு?"

கேதாரநாதன் பெட்டியின் மூடியைத் தடவினார். "எல்லாருக்கும் முன்னால மஜீட்டைக் கேட்டன், என்னை ஆதப்பனுக்கு வித்துப்போட்டியோ எண்டு. அதுக்கு முதல் கிழமைதான் ரெண்டு பேரும் தேத்தண்ணிக் கடையில இருந்து கதைச்சவை. திங்கட்கிழமை பந்தயச் சங்கத்துக்குக் கடிதமும் குடுத்தனான். அவனை இனி உள்ள விடமாட்டினம்."

"மஜீட் என்ன சொன்னவர்?"

"கையைத் துடைச்சுப்போட்டுப் போயிட்டான். அண்ணை, எனக்கு ஆதாரம் வேணும். அவன்தான் எண்டு தெரிஞ்சால் நித்திரை வரும்."

"அவர் இல்லையெண்டால்?"

கேதாரநாதன் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

நாகேந்திரம் கூட்டைக் கழற்றிவிட்டுக் காரைக் கண்ணாடி மேசையில் வைத்தார். அடித்தட்டிலும் மேல்தட்டிலும் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும், பாதி ஆணியிலும் பாதி தகட்டிலுமாக, ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"மஜீட்டின்ர பழக்கம். மனிசி நகத்துக்குப் பூசுற கியூடெக்ஸ். இறுக்கின பிறகு வைப்பான். ஆரும் திருப்பினால் வெடிச்சுக் காட்டிக் குடுக்கும்."

கொன்ஸ்ரன்ஸ் உருப்பெருக்கியோடு குனிந்து எண்ணினாள். இருபத்திரண்டு. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

நாகேந்திரம் பழம் வெட்டும் கத்தியின் முனையைக் காரின் பின்பக்க நடுவில் கொடுத்து மெல்லத் தூக்கினார். நேராக இருக்கும் கார் என்றால் இரு பின்சில்லுகளும் ஒன்றாக எழும்பவேண்டும். இடச்சில்லு எழும்பியது. வலச்சில்லு கண்ணாடியிலேயே கிடந்தது.

"முறுகியிருக்கு, சேர்! மோதினதில முறுகினதோ?" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"மோத முதலே இழுத்தது, பிள்ளை. முறுக்கு முந்தி, மோதல் பிந்தி."

அவர் கூட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்க வலது மூலையில், கூட்டைத் தாங்கும் கம்பியைச் சுற்றி, பிளாஸ்டிக் வெளிறி விரிந்திருந்தது. பிறகு வலது பின்சில்லின் உட்பக்கத்திலிருந்து ஊசியால் ஒரு சிறு வெள்ளை விதையை நெம்பி எடுத்து, முகர்ந்து, கடித உறையில் போட்டார்.

"சனிக்கிழமைக்குப் பிறகு காரைத் தொட்டது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. பின்னேரம் மஜீட் கத்தி வைச்சுப் பாத்துப் பெட்டியில தந்தவன். அவன்ர சட்டம் அது, தான் பாத்து மூடினால் ஓடுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. ஞாயிறு காலமை கோயிலடியில ஒரு கும்பிடு போட்டிட்டு நேராய்ப் பந்தயத்துக்குத்தான்."

பின்னேரம் நாகேந்திரமும் கொன்ஸ்ரன்ஸும் மஜீட்டின் கடைக்குப் போனார்கள். வழியெல்லாம் கொன்ஸ்ரன்ஸ் மஜீட்டை வாயாலேயே கைது செய்துகொண்டு நடந்தாள். "ஆதப்பன் மூண்டு தரம் அவரைத் தனக்குக் கார் கட்டிக் கேட்டவராம், சேர். சங்கத்தில விசாரிச்சனான்."

"அவர் என்ன சொன்னவராம்?"

"அது..." அவள் குரல் இறங்கியது. "கேதார் ஓட்டுமட்டும் வேற ஆளுக்குக் கட்டமாட்டன் எண்டு மூண்டு தரமும் சொன்னவராம்."

மஜீட் ஒரு தையல் மிசினின் வயிற்றுக்குள் கைவிட்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நான் ஒண்டும் சொல்லப் போறதில்ல, சேர். பதினெட்டு வருஷம் சொல்லாதத இப்ப சொல்லி என்ன?"

"உம்மைப் பற்றிக் கேக்க வரேல்லை. காரைப் பற்றி ஒரு கேள்வி. ஆணி ஒண்டும் திருப்பாமல் அதை முறுக்கேலுமோ?"

மஜீட்டின் கை நின்றது. "ஏலும். ஒரு மூலைல பெரிய பாரம் வந்தா தகடு ஆணிக்குக் கீழால நழுவும். ஆணி திரும்பாது, புள்ளியும் வெடிக்காது."

"எவ்வளவு பாரம்?"

"ஒரு ஆள் கைய ஊண்டி ஏறினாத்தான்." சற்று யோசித்தார். "ஏன் சேர், ஆரும் ஏறினாங்களா?"

வெள்ளிக்கிழமை காலை நாகேந்திரத்தின் முன்னறையில் மூவரும் இருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஆதப்பன் கதவுக்கு அருகில். கேதாரநாதன் ஒரு மூலையில், மஜீட் எதிர்மூலையில். நடுவே மேசையில் கார், பக்கத்தில் தராசு, ஒரு தட்டில் எலுமிச்சை என்றும் சொல்லும் தேசிக்காய் நான்கு. கொன்ஸ்ரன்ஸ் யாரும் தப்பி ஓடாதபடி கதவைச் சாத்தினாள். யாருக்கும் ஓடும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாகேந்திரம் காரைத் தராசில் வைத்தார். "ஒரு கிலோ முந்நூற்றைம்பது கிராம்." பிறகு நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தேசிக்காயை வைத்துக் காரை அவற்றின் மேல் நிறுத்தினார். கார், நான்கு முட்டையின் மேல் குந்திய கோழியைப்போல அசையாமல் இருந்தது. ஒரு காய்கூட நசுங்கவில்லை.

"கேதாரநாதன், கோயிலடியில கும்பிட்டது மட்டுமோ?"

கேதாரநாதனின் முகம் கறுத்தது. "புதுக் கார். அதோட சனிக்கிழமை முழுக்கக் கண்ணூறு. மனிசி நாலு தேசிக்காய் தந்துவிட்டவ. எல்லாரும் வாகனத்துக்குச் செய்யிறதுதானே, அண்ணை. அதை எப்பிடித் தொட்டதெண்டு சொல்றது? சாமி காரியம்."

"நசுங்கினதோ?"

"தானாய் நசுங்கேல்லை. கையால அமத்தினன். மூண்டு சரிவந்தது. மற்றது காய்ஞ்ச காய், இறுகிப்போய்க் கிடந்தது. நசுங்காமல் விட்டால் அபசகுனமெல்லோ? எண்டபடியால்..."

"ரெண்டு கையையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் குடுத்தனீர். வலப்பக்கப் பின்மூலையில." நாகேந்திரம் உறையைத் தட்டினார். விதை மேசையில் விழுந்தது. "கடைசியில அந்தக் காய் வெடிச்சுப் பிதுங்கின விதை இது, அந்தச் சில்லுக்குள்ள இருந்தது. கூட்டில வெளிறின அடையாளம் உம்மட உள்ளங்கைக்குக் கீழ. திருப்புளி போட்டவன் செய்திருந்தால் புள்ளி வெடிச்சிருக்கும். மஜீட் செய்யிறதெண்டால் தன்ர புள்ளியைத் திரும்ப வைக்க அவருக்கு ஒரு நிமிசம் போதும், ஆனால் பழைய புள்ளிக்கு மேல புதுசு தடிப்பாய்த் தெரியும். எல்லாம் ஒரே தடிப்பு. மஜீட் சொன்னபடி பாத்தால், இந்தக் காரை முறுக்கின பாரம் எண்பது கிலோவுக்கு மேல. இந்த அறையில அந்தப் பாரம் உமக்கு மட்டுந்தான் இருக்கு."

ஒல்லியான ஆதப்பன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு வருத்தமாகவே சொன்னார்: "நானும்தாங்க எலுமிச்சம்பழம் வச்சேன். இந்த எடைக்கு முழுசா வச்சா எப்படிங்க நசுங்கும்? ரெண்டா வெட்டிக் கவுத்து வச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை.

கேதாரநாதன் எழுந்து எதிர்மூலைக்குப் போனார். "மஜீட். நான் சங்கத்துக்குப் போய் அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன். எல்லாருக்கும் முன்னால சொல்றன். மன்னிச்சுக்கொள்ளடாப்பா."

மஜீட் அவரைப் பார்க்காமல் மேசையருகே வந்தார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கூட்டைக் கழற்றி, மேல்தட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாக இளக்கினார். சிவப்புப் புள்ளிகள் பொடியாய் உதிர்ந்து கண்ணாடியில் விழுந்தன. காரைக் கண்ணாடியோடு தட்டையாக அழுத்திப் பிடித்து, குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. பிறகு நாகேந்திரத்தின் கத்தியை வாங்கிப் பின்பக்க நடுவில் கொடுத்துத் தூக்கினார். இரண்டு சில்லும் ஒன்றாக எழும்பின.

"பாத்தியே!" என்றார் கேதாரநாதன். "உன்ர கை வைச்சால்... அடுத்த மாசப் பந்தயத்துக்கு..."

"கார் இப்ப நேராப் போகும்," என்றார் மஜீட். உதிர்ந்த சிவப்புப் பொடியை விரலால் கூட்டித் துடைத்தார்.

கொன்ஸ்ரன்ஸின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மஜீட்டின் சட்டைப் பையில் கியூடெக்ஸ் போத்தலின் மூடி தெரிந்தது. "மஜீட் நானா, புள்ளி வைக்க மறந்திட்டீங்க."

"மறக்கல்ல, தங்கச்சி. அது நான் பொறுப்பெடுக்கிற காருக்கு வைக்கிறது."

திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார். சற்றுநேரம் கழித்து ஆதப்பனும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், அவர் போன பக்கமாக நடந்தார்.

கேதாரநாதன் காரைப் பெட்டியில் வைத்து மூடினார். மூடியைத் திறந்து, புள்ளியில்லாத ஆணித் தலைகளை ஒருமுறை பார்த்தார். மறுபடி மூடினார்.