தாழ் போடாத கதவு

அவள் புரட்டிய வேகத்தில் பழைய இறப்புப் பதிவேட்டின் ஓரம் கிழிந்தது.

“மெதுவாம்மா!” பதிவறை எழுத்தர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே சொன்னார். “இதுல இருக்கிறவங்க யாரும் எங்கயும் ஓடிப்போயிட மாட்டாங்க. நாளைக்கு வாங்களேன்.”

“நாளைக்குக் காலையில அம்மாவை அடக்கம் பண்றோம், சார். அதுக்குள்ள தெரிஞ்சாகணும்.”

அவர் கடைசி ஜன்னலையும் சாத்தினார்.

டொக். டொக்.

மதியத்திலிருந்தே அந்தச் சத்தம். ஜன்னல் கொக்கி காற்றில் ஆடுகிறது என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது எல்லா ஜன்னலும் சாத்தியாகிவிட்டது.

அம்மா ஆயுசுக்கும் எந்தக் கதவையும் தாழ் போட்டதில்லை. குளிக்கும்போதுகூட ஒருக்களித்துத்தான் வைப்பாள். “நம்ம வீட்டுல நுழையத் திருடனுக்கே கூச்சமா இருக்கும்மா” என்று தம்பி கேலி செய்வான். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான், அவளுக்கு அம்மாவும் அப்படித்தான். மருந்து நெடியும் ஈரத்துணி வாடையும் மண்டிய அந்த ஆஸ்பத்திரி அறையில், நேற்று முன்தினம், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “என் கொள்ளுப்பாட்டி எப்படிச் செத்தாங்கன்னு பார்த்துச் சொல்லு. அதுக்கு முன்னாடி என்னைப் பெட்டியில வச்சு மூடிடாதே.”

தம்பியும் தலையாட்டியிருந்தான்.

விரல் நின்றது. அம்மாவின் கொள்ளுப்பாட்டியின் பெயர். கொள்ளைநோய் முகாம். அடக்கம்: வெள்ளிக்கிழமை.

இறப்பு: திங்கட்கிழமை.

“சார், தேதி மாத்தி எழுதியிருக்காங்களா?”

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். குறிப்புக் கட்டத்தில், கல்லறைக் காவலாளியின் நடுங்கிய கையெழுத்து. அவர் மெல்ல வாசித்தார். “குழியைத் திறக்க முகாம் துரை அனுமதி தரவில்லை. திங்கட்கிழமை சத்தம் நின்றது.”

அவர் அதற்குமேல் வாசிக்கவில்லை. அவளே வாசித்தாள்.

இறப்பைத் தெரிவித்தவர்: மகள். வயது எட்டு.

வெள்ளியிலிருந்து திங்கள்வரை. மண்ணில் காதை வைத்தபடி. ஒரு குழந்தை. அம்மாவின் பாட்டி.

டொக். டொக்.

அவள் போனை எடுத்தாள். “தம்பி, நாளைக்கு வேணாம்டா. மூணு நாள் போகட்டும். அம்மாவை மூடாதீங்க. கேட்குதா?”

மறுமுனையில் மூச்சு மட்டும்.

“டேய், பேசுடா.”

டொக்.

சத்தம் ஜன்னலிலிருந்து வரவில்லை. மேஜையிலிருந்து. அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, மரத்துக்குள்ளிருந்து. முன்னைவிட மெதுவாக.

“அக்கா...” தம்பி உடைந்து அழுதான். “திட்டாதேக்கா. உடம்பு தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் சொல்லல. மதியமே மண்ணு போட்டாச்சு.”

டொக்.

அடுத்ததற்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் காதை வைத்தாள்.

வரவில்லை.