வெறுங்காதுக்காரி

கோவில்பட்டி மைதானத்தின் வாசலில் காவலர் டார்ச்சை அடித்துப் பிரகாசியின் காதுகளைப் பார்த்தார். முதலில் வலது காது, பிறகு இடது. புதுக் கம்மலைக் காட்டுகிற பெண்ணைப்போல அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினாள்.

"ரெண்டும் காலிதான். போங்கம்மா."

"நேத்து சாத்தூர்லயும் காலிதான் அண்ணே. ஒரு நாள்ல என்ன முளைச்சிரப் போவுது?"

"எனக்கு டார்ச்சு குடுத்திருக்காவ, நான் அடிக்கேன்" என்று சிரித்தார் அவர். அவருடைய காதில் செவிமலர் என்ற ஒலிக்கருவி நீலமாக மினுங்கியது. மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்த எல்லாருடைய காதிலும் அது இருந்தது. கைக்குழந்தைகளுக்குக்கூடச் சின்ன அளவில் கிடைத்தது. இல்லாதது பிரகாசிக்கு மட்டும்தான்.

பத்திரிகையாளர் அடைப்பு, மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது. சுற்றிலும் கயிறு, உள்ளே நாற்பது நாற்காலிகள். எல்லாவற்றையும் யாரோ துடைத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிரகாசி ஒன்றில் உட்கார்ந்தாள். வலப்பக்க நாற்காலியில் பையை வைத்தாள், இடப்பக்கத்தில் குடையை. வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைவிட அது தேவலை. கம்பத்தில் ஒரு பழைய குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. மைதானத்திலேயே அது ஒன்றுதான். மேடையில் பேசுகிற குரல் மாறாமல் வெளியே வருகிற ஒரே வழி அது.

மற்றவர்களுக்கு அந்தக் குரல், பேச்சு தொடங்கியதும் வெளிச்சத்தத்தை அடைத்துவிடுகிற செவிமலர் வழியாகத்தான் போனது. போகும்போதே அவரவருக்கு ஏற்றபடி மாறிப் போனது. தீப்பெட்டி ஆபீஸ்காரருக்குத் தீப்பெட்டியைப் பற்றியும், மகளுக்கு வரன் தேடுகிறவருக்குக் கல்யாணத்தைப் பற்றியும் மேடையில் நிற்கிற தலைவர் பேசினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தெருவைச் சொன்னார். எல்லாருக்கும் அவர் தன்னிடம் மட்டுமே பேசியது போல இருக்கும். மறுநாள் செய்தித்தாளும் அப்படித்தான். செய்திநெய்வி என்ற இயந்திரம் ஒவ்வொரு வாசகருக்கும் தனித்தனியாக ஒரு தாளை நெய்து கொடுத்தது.

நடக்காத கூட்டங்களுக்கு இயந்திரங்கள் செய்தி எழுதி, அதைப் படித்தவர்கள் நிஜமாகவே வெட்டிக்கொண்டு செத்த ஒரு வருடத்துக்குப் பிறகு, தென்குடியரசில் ஒரு சட்டம் வந்தது. எந்தக் கூட்டத்தையும் ஒரு மனிதர் வெறும் கண்ணாலும் வெறும் காதாலும் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். அவர்தான் சாட்சி. எல்லாப் பத்திரிகைகளுக்கும் சேர்த்து ஒரே சாட்சி. அவர் எழுதித் தருகிற ஒரு வரி மட்டும் எல்லாருடைய தாளிலும் எழுத்து மாறாமல் வரும். அதற்குப் பொதுவரி என்று பெயர். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் எல்லாச் சாட்சிகளும் எழுதுவது ஒன்றே: 'கூட்டம் நடந்தது, கண்டேன்.' பிரகாசியும் இந்தத் தேர்தல் முழுக்க அதையே எழுதிக்கொண்டிருந்தாள்.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மரபு முன்னணி யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்கள் வாக்களிக்கிற முதனிலைத் தேர்தல் அது. களத்தில் மூன்று பேர் இருந்தாலும், பேச்செல்லாம் இசக்கிராசனைப் பற்றித்தான். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றது. 'பழையபடி வீடு' என்பது அவருடைய முழக்கம். மேடையில் அவருக்குப் பக்கத்தில் மனைவி சண்முகவடிவின் ஒளியுரு கைகூப்பி நிற்கும். உண்மையான சண்முகவடிவு பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள் என்பது கட்சியில் சிலருக்கும், அவர் மேடையில் சொன்னதை வெறுங்காதால் கேட்ட பிரகாசிக்கும் மட்டுமே தெரியும்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கடலை மிட்டாயை நீட்டினாள். "தின்னு தாயி. தனியா உக்காந்திருக்கியே."

பிரகாசி வாங்கி வாயில் போட்டாள். அதற்குள் இசக்கிராசன் மேடைக்கு வந்துவிட்டார். எல்லா ஊரிலும் போல முதலில் விரலை நீட்டினார். "திரும்பிப் பாருங்க! அந்தா, நம்மளப் பத்திப் பொய் எழுதுதவங்க இருக்காங்க!"

மைதானம் மொத்தமும் திரும்பியது. ஊளை எழும்பியது. மிட்டாய் கொடுத்தவளும் வாயில் விரல் வைத்து ஊளையிட்டாள். முடிந்ததும் குனிந்து, "உன்னைய சொல்லல. பத்திரிகைக்காரவங்கள மொத்தமாச் சொன்னோம்" என்றாள்.

"மொத்தமே நான் ஒருத்திதான்க்கா."

அவள் காதில் பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணாச்சி என்ன பேசினாலும் கூட்டத்துக்கு ஒன்றுதான் என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். கொஞ்ச நாளாக வாய்க்கு வந்ததைப் பேசினார். அருப்புக்கோட்டையில் கருவாட்டுக் குழம்புக்கு எப்போது புளி கரைக்க வேண்டும் என்று விளக்கினார். சாத்தூரில் பதினாறாம் வாய்பாட்டை ஒப்பித்தார். கைதட்டல் வழக்கம்போல வந்தது. கேட்டது குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே இருந்தவள் மட்டும்.

இன்று அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு குழாய் கரகரத்தது.

"இன்னைக்கு விடியக்காலம் வடிவு போயிட்டா."

கூட்டம் சிரித்தது. செவிமலர்களுக்குள் ஏதோ நல்ல நகைச்சுவை போலும்.

"தண்ணி கேட்டா. நர்ஸக் கூப்பிடப் போனேன். நான் வாரதுக்குள்ள..."

விசில் பறந்தது. மிட்டாய்க்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். சந்தோஷக் கண்ணீர். மேடையில் சண்முகவடிவின் ஒளியுரு புன்னகையோடு தலையை ஆட்டியது.

பிரகாசி எழுந்து நின்றாள். எதற்கென்று யோசிக்கவில்லை. சாவுச் செய்தியை உட்கார்ந்தபடி கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் உட்கார்ந்திருந்த மைதானத்தில் நின்றது அவள் ஒருத்தி. மேடையிலிருந்தவர் அவளைப் பார்த்தபடியே மீதியையும் பேசி முடித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் அடைப்புக்கு வந்தார். பின்னால் வந்த தேர்தல் பொறுப்பாளர் காசிராமனைக் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். இத்தனை நாளில் அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. குடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேட்டியா பிள்ள?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"சாத்தூர்ல?"

"பதினாறாம் வாய்பாடு. பதினாறு ஏழ விட்டுட்டிய."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது உடைந்தது. "வடிவு இருந்தா அங்கயே புடிச்சிருப்பா. டீச்சர்லா."

"எப்ப எடுக்காவ?"

"ஓட்டு எண்ணி முடிச்ச பெறவுன்னு சொல்லுதானுவ. ஐஸ் பெட்டியில வச்சிருக்கு." அவர் மேடையைப் பார்த்தார். ஒளியுருவை இன்னும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். "கூட நின்னு வாழ வீட்டுக்காரியோ வீட்டுக்காரனோ உசுரோட இருந்தாத்தான் கட்சியில நிக்கலாம்னு ஒரு விதி இருக்குல்லா? அதக் கொண்டாந்ததே நான்தான். எதிர்த்து நின்னவன் கல்யாணம் ஆகாதவன். வீடு இல்லாதவனுக்கு நாடு எதுக்குன்னு கேட்டேன். என்னா கைதட்டு!"

"நான் எழுதுனா நீங்க நிக்க முடியாது."

"தெரியும்."

"வேண்டாம்னு சொல்ல வந்தியளா?"

அவர் தலையசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை.

"பெறவு ஏன் சொன்னிய?"

"யார்கிட்டயாவது சொல்லணும்லா" என்றார் இசக்கிராசன்.

காசிராமன் வந்து அவரை எழுப்பிக் கூட்டிப்போனார். போகும்போது திரும்பி, "எப்பவும் போடுற வரியப் போட்டுருங்க மேடம். நீங்க ஒண்ணும் புதுசா சிரமப்பட வேண்டாம்" என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

செய்திநெய்வியின் திரை அவள் மடியில் ஒளிர்ந்தது. வழக்கமான வரியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. விரலை வைத்தால் போதும். பிரகாசி வைக்கவில்லை. அந்த மனுஷன் இவ்வளவு நாளும் ஊர் ஊராகத் தன்மேல் ஊளையை ஏவியவர். அவரைக் கவிழ்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அதனாலேயே தயங்கினாள். பிறகு ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிற டீச்சரை நினைத்தாள். எழுதினால் அவளை எடுத்து அடக்கம் செய்வார்கள். எழுதாவிட்டால் அவள் செத்ததாகவே ஆகாது.

வரியை அழித்துவிட்டு எழுதினாள்: 'தம் மனைவி சண்முகவடிவு இன்று விடியற்காலையில் இறந்துவிட்டதாக வேட்பாளர் மேடையில் சொன்னார், கேட்டேன்.'

மறுநாள் காலை லாட்ஜுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, தாள் படிப்பவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரும் அவளுடைய வரி வந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினார்கள். பெஞ்சின் இரண்டு முனையிலும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். "பொதுவரி படிச்சீரா வே?" என்றார் ஒருவர். தன் தாளில் இருப்பது அடுத்தவர் தாளிலும் இருக்கும் என்று நம்பி ஒரு மனிதர் கேட்ட கேள்வி. பிரகாசி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"படிச்சேன், படிச்சேன். பாவம், சாட்சிப் பொம்பளைக்கு வெயில் தாங்கலையாம். மயக்கத்துல ஏதோ எழுதிட்டாளாம்."

"எவம்வே சொன்னான்? எதிராளி காசு குடுத்து எழுத வச்சிருக்கான். எனக்கு விவரமாப் போட்டிருக்கு."

டீ மாஸ்டர் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் தப்பாப் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, தனக்கு என்ன போட்டிருக்கிறது என்று சொல்லாமலே பாலைத் தூக்கி ஆற்றினார்.

வரி மாறவில்லை. அதைச் சுற்றித்தான் இயந்திரம் நெய்திருந்தது.

பிரகாசி சாத்தான்குளத்தில் இருந்த தங்கைக்குப் போன் போட்டாள். "மெர்லின், என் வரியப் படிச்சியா?"

"படிச்சேன்க்கா! பழைய அரசியலு செத்துப்போச்சுங்கறத, பொண்டாட்டி செத்த மாதிரின்னு உவமையாச் சொன்னாராமே. நீ அதப் புடிச்சு எழுதுனதப் பாராட்டிப் போட்டிருக்கு. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன்."

"உவமை இல்லட்டி. நெசமாவே செத்துட்டாவ."

"சரிக்கா, சரிக்கா. நீ சாப்புட்டியா?"

கட்சியின் விதிக்குழு அன்றே கூடியது. சண்முகவடிவு அம்மையார் மேடையில் நின்றதை ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கலைந்துவிட்டது.

கடைசிக் கூட்டம் திருநெல்வேலியில். அங்கே காவலர் டார்ச் அடிக்கும்போது சிரிக்கவில்லை. நாற்காலிகளைத் துடைத்திருக்கவில்லை. பிரகாசி ஒன்றைத் தானே துடைத்து உட்கார்ந்தாள்.

"திரும்பிப் பாருங்க" என்றார் இசக்கிராசன்.

இந்தமுறை ஊளையில் விளையாட்டு இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில் கயிற்றைத் தாண்டி வந்து விழுந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், அவள் தலைக்கு மேலே, குழாய் ஸ்பீக்கர் பேசியது.

"அந்தப் பிள்ள எழுதுனது நெசம்."

ஊளை கூடியது.

"வடிவு இன்னும் பெட்டியிலதான் கெடக்கா. கூட்டத்த விட்டு எறங்கிப் போயிருவோம்னு தெனமும் நெனைக்கேன். கால் வர மாட்டேங்கு. கை தட்டுதாங்கள்லா." அவர் மூச்சு வாங்கினார். "நான் செயிச்சா சாட்சியே வேண்டாம்னு சட்டம் வருது. அதுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணுமாம். இந்தக் குழாயக் கழத்திட்டா, பெறவு நான் யார்கிட்டப் பேச?"

எதிரே ஆயிரம் முதுகுகள் மேடைக்கும், ஆயிரம் முகங்கள் அவளுக்கும் திரும்பியிருந்தன. அவர் கைகூப்பினார். பக்கத்தில் ஒளியுருவும் கைகூப்பியது. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல இழுத்து இழுத்துச் சொல்லத் தொடங்கினார்.

"பதினாறு அஞ்சு எம்பது. பதினாறு ஆறு தொண்ணூத்தாறு. பதினாறு ஏழு..."

நிறுத்தினார். கண்ணைத் திறந்து, அத்தனை தலைகளுக்கும் மேலாக அடைப்பைப் பார்த்தார்.

பிரகாசி எழுந்து நின்றாள். இன்னொரு பாட்டில் வந்து நாற்காலியில் மோதியது. அங்கேயிருந்து மேடைவரை ஒரு குரல் போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயை அகலத் திறந்து, அவருக்கு உதடு தெரியும்படி, உரக்கச் சொன்னாள்.

"நூத்திப்பன்னெண்டு!"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பதினாறு எட்டுக்குப் போனார்.