மூலையில் விட்ட எட்டடி

மதியம் இரண்டு மணிக்குச் சபாபதி அந்த வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது கிள்ளான் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கட்டி நான்கு வருடமே ஆன வீடு. மேட்டை வெட்டி உட்கார வைத்தது. முன்னால் நின்று பார்த்தால் அழகான பங்களா. பின்சுவர் மட்டும் ஆளுயரத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்தது. நுரைக்கட்டிகளை அடுக்கி, நடுவில் கான்கிரீட் ஊற்றி எழுப்பிய சுவர். சூடு ஏறாது, சத்தம் நுழையாது என்று தொண்ணூற்றிரண்டில் ஆகா ஓகோ என்று சொல்லி விற்றார்கள். தண்ணீரும் நுழையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன், கசிவுத் தடுப்பு வேலையை எடுத்துச் செய்த சபாபதி.

வீட்டுக்காரி புனிதவதி, ஓய்வுபெற்ற தாதி. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் ரயில் சத்தத்தோடு முப்பது வருடம் இருந்துவிட்டு, நிம்மதி தேடி இங்கே வந்தவர்.

"இஞ்ச பாருங்கோ தம்பி."

பின்னறை மூலையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில், தண்ணீர் கோடாகக் கசிந்திருந்தது. பழைய மண்ணின் வாடை மூக்கில் ஏறியது.

"மழை பெய்தாலும் இந்த வீட்டுக்குள்ள கேக்காது. ஆனா இந்த மூலையில மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோ தேய்க்கிற சத்தம் கேக்குது."

"எலியா இருக்கும் ஆன்டி."

"அவ்வளவு ஆழத்திலயோ?"

அந்த மூலை சபாபதிக்கு நன்றாகத் தெரியும்.

அஸ்திவாரத்தை ஒரு நாள் ஊற்றுவார்கள், சுவரை இன்னொரு நாள். இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி நிற்கும்; மண்ணில் ஊறும் தண்ணீருக்கு அது போதும். மற்ற வீடுகள் என்றால் தாரைப் பூசிவிட்டுப் போகலாம். இந்த நுரையைத் தார் அரித்துத் தின்றுவிடும். அதனால் குழிக்குள் இறங்கி, அந்தச் சேர்க்கையின்மேல் கறுப்பு ஒட்டு ஷீட்டை ஒட்ட வேண்டும். இரண்டு ஆள் வேலை. ஒருவன் ஷீட்டின் முதுகில் இருக்கும் வெள்ளைத் தாளை உரித்துக்கொண்டே போவான், மற்றவன் பின்னாலேயே அழுத்திக்கொண்டு வருவான். சபாபதி இழுப்பான், அவனோடு வேலை செய்த அய்யாவு அழுத்துவான். ஊரெல்லாம் உருளை வைத்துத் தேய்க்கும், அய்யாவுக்குக் கட்டைவிரல்தான்.

நான்கு வருடத்துக்கு முன் இதே குழியில் கடைசி எட்டடி பாக்கி இருந்தது. மழை வரும் போலிருந்தது. பக்கத்து மண்ணுக்குப் பலகை முட்டுக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அரை நாள் வீண். அய்யாவு இறங்கத் தயங்கினான். "எறங்கு லா, பத்து நிமிசம்தான்," என்றான் சபாபதி. ஷீட் வெட்டும் கத்தியை எடுக்கச் சபாபதி மேலே ஏறிய நேரத்தில் மண் சரிந்து அய்யாவுவை மூடியது.

போலீஸ் விசாரித்தபோது பயத்தில் சபாபதியின் வாய் சொன்னது இது: "தண்ணி போட்டிருந்தான் சார். சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டான்."

அய்யாவு பியரைக்கூட மோந்து பார்த்ததில்லை.

பிணத்தை எடுத்த கையோடு குழியை மூடினார்கள். எட்டடி அப்படியே விட்டுப்போனது. பந்திங் ஊரில் அய்யாவுவின் மனைவி லெட்சுமியைக் குடிகாரன் பெண்டாட்டி என்று கம்பத்து ஊர்ச்சனமே பேசியது. சபாபதி அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இன்று காலையிலேயே பேக்ஹோ இயந்திரம் வந்து பின்பக்கம் தோண்டிவிட்டுப் போயிருந்தது. இரண்டு பக்கமும் பலகை, முட்டு, எல்லாம் பக்கா. அய்யாவுக்குக் கிடைக்காத பலகை. சுவரை ஒட்டிய ஒரு சாண் மண்ணைக் கையால்தான் எடுக்க வேண்டும். வேறு யாரையும் இறங்கச் சொல்லச் சபாபதிக்கு வாய் வரவில்லை. அவனே ஏணி வழியாக இறங்கினான்.

குழிக்குள் மேலே இருந்ததைவிடக் குளிராக இருந்தது. கரண்டியால் மண்ணைச் சுரண்டினான். வெறும் நுரை தெரியும் என்று எதிர்பார்த்தான்.

கறுப்பாகத் தெரிந்தது.

இன்னும் சுரண்டினான். ஒட்டு ஷீட். அஸ்திவாரத்தின் மேல் மடித்து, நான்கு விரல் மேலேற்றி, கச்சிதமாக ஒட்டியிருந்தது. ஓரம் நெடுகக் கட்டைவிரல் பள்ளங்கள், வரிசையாக.

ஒட்டாமல் விட்ட எட்டடியில்.

மூலைவரை சுரண்டிக்கொண்டே போனான். கடைசி ஒரு முழம் மட்டும் ஒட்டாமல் தொங்கியது. அதன் பின்னால்தான் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் வெள்ளைத் தாள். நான்கு வருடம் மண்ணுக்குள் கிடந்த தாள், சலவைத் துணியாட்டம் வெளுப்பாக இருந்தது.

முதல் தூறல் பிடரியில் விழுந்தது.

பலகைக்குப் பின்னால், மண்ணுக்குள்ளிருந்து, மூச்சு வாங்கும் குரல் கேட்டது.

"அண்ணே. இழுங்க."

சபாபதி ஓடியிருப்பான். கால் வரவில்லை. பழகிய கை தானாகப் போய்த் தாளின் முனையைப் பிடித்தது. இழுத்தான்.

ஷீட் சுவரில் போய் ஒட்டியது. அவன் தொடவில்லை.

ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்து இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத கட்டைவிரல் ஒன்று, அழுத்தி அழுத்தி, அவன் கையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தாள் முழுதும் கையோடு வந்துவிட்டது. கடைசிப் பள்ளம் அவன் விரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி விழுந்து நின்றது.

முடிந்தது, அய்யாவு விட்டுவிடுவான் என்று நினைத்தான்.

காதோரம் ஈர மண் வாடை.

"நான் குடிச்சிருந்தேனாண்ணே?"

ஏணியில் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. புனிதவதி ஜன்னலைத் திறந்து, "தம்பி, தண்ணி நிண்டிட்டுது!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். அவன் காதில் விழவில்லை. கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். இனி ஒரு நாள்கூட இந்தப் பொய்யோடு தூங்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

பந்திங் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த பலகை வீட்டின் கதவை லெட்சுமி திறந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். சபாபதி வாசற்படியிலேயே நின்று, கைகூப்பி, நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

"அவன் குடிக்கலம்மா. நான்தான் எறங்கச் சொன்னேன். பயத்துல பொய் சொல்லிட்டேன். நாளைக்கே ஸ்டேசன்ல போய்ச் சொல்லிடறேன். என்ன மன்னிச்சிரும்மா."

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அவள் அழக்கூட இல்லை. அவளுடைய கண் அவன்மேலும் இல்லை; அவன் தோளைத் தாண்டி எதையோ பார்த்தபடி மெல்ல ஈரமாகிக்கொண்டிருந்தது.

"அதான் ரெண்டு பேருமா வந்தீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

பிறகு கதவை அகலத் திறந்து, இருவர் நுழைய வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.