விலகல் அட்டை

வகுப்பு, படகுத்துறையில் படகுப் பாய்கள் வைக்கும் கிடங்குக்கு மேல்மாடியில் நடந்தது. முதல் நாள் அவள் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டாள். மரப்படி, ஈரக் கயிற்று வாசனை, உப்புப் பூத்த சுவர். ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கீழே தன் படகு தெரியும்.

தன் படகு என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ஏழு மாதம் முன்பு வரை அது அவள் கணவருடைய படகு.

கரையோரமும் நடுக்கடலும் பாய்ப்படகு ஓட்டும் தலைவர்களுக்கான மேல்நிலைப் பயிற்சி அது. சேர்ந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் ஒரு பல் டாக்டர்.

"முப்பது வருஷமா அடுத்தவங்க வாயையே எட்டிப் பாத்துட்டேன் மேடம். இனிமே வானத்தைப் பாக்கலாம்னு வந்துட்டேன்" என்றார். "நீங்க?"

"படகு சும்மா நிக்குது."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அன்று மாலை ஆறு பத்துக்கு சுக்கான் அவள் கையில் இருந்தது. கணவர் முன்பாயை இறக்கப் போனார். தண்ணீரில் விழுந்தார். "உடனே திருப்பினேன், ஆனா கண்டுபிடிக்க முடியல" என்று அவள் விசாரணையில் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

அவள் அழவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"டாக்டர், பல்லுக்கு ஊசி போட்டா எவ்வளவு நேரம் மரத்துப் போயிருக்கும்?" என்று ஒரு நாள் இடைவேளையில் கேட்டாள்.

"ரெண்டு, மூணு மணி நேரம். அப்புறம் வலிக்கும்."

"வலிக்கலைன்னா?"

"அப்ப நான் தப்பான இடத்துல குத்திட்டேன்னு அர்த்தம்" என்று சிரித்தார். அவளும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். கடலுக்குப் போகாத நாளிலும் ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பாள். இரண்டாம் வாரம் ஒரு கணக்கு கொடுத்தாள். "படகு வேகம் அஞ்சு நாட், அதாவது மணிக்கு அஞ்சு கடல் மைல். நேரத்தை நீங்களே வைங்க. எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"ஒன்பது நிமிஷம். முக்கால் கடல் மைல்."

"பென்சிலே எடுக்கலையேக்கா!"

அது அவள் பலமுறை போட்டுவைத்திருந்த கணக்கு. அன்று அவர் விழுந்ததை அவள் பார்த்தாள். "வாத்து! திருப்பு!" என்று கூப்பிட்டதும் கேட்டது. அவளை அப்படித்தான் கூப்பிடுவார், நீச்சல் தெரியாத வாத்து என்று. கை சுக்கான்மேல் இருந்தது. கை அசையவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. படகு நேராகவே போய்க்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம். கடிகாரம் எதிரிலேயே இருந்தது. அதன் பிறகுதான் திருப்பினாள்.

பயிற்சியில் அவள் சேர்ந்ததே அவர் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். நீரோட்டம், வேகம், திசை எல்லாம் போட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். சான்றிதழ் இல்லாமல் துறைமுகத்தில் அவளைத் தனியாக வெளியே விடமாட்டார்கள். சான்றிதழ் கிடைத்தால் தனியாகப் போய் அங்கே படகை நிறுத்தலாம். நிறுத்தி என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

நான்காம் வாரம் டீச்சர் அவள் படகின் விலகல் அட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். படகில் இருக்கும் இரும்பு காம்பஸ் முள்ளைக் கொஞ்சம் இழுக்கும். எந்தத் திசையில் போனால் எத்தனை டிகிரி இழுக்கும் என்று எழுதி வைப்பதுதான் அந்த அட்டை. படகுக்குப் படகு மாறும்.

அட்டை கணவரின் கையெழுத்தில் இருந்தது. டீச்சர் புருவத்தைச் சுருக்கினாள்.

"வடகிழக்குல ஆறு டிகிரியா? இந்த அளவு படகுக்கு அது ரொம்ப அதிகம். காம்பஸ் எங்க இருக்கு?"

"கேபின் சுவர்ல. வெளிப்பக்கம்."

"இந்த அட்டையைப் போட்டப்ப பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

அவள் கண்ணுக்குள் அது அப்படியே வந்தது. இடப்பக்க இருக்கையில், கேபின் சுவரில் சாய்ந்தபடி அவர் எண்களைப் படிக்கிறார். எப்போதும் டீசல் வாசனை அடிக்கும் அதே கம்பளிச் சட்டை. கழுத்துக் கயிற்றில் தடித்த எஃகுக் கத்தி தொங்குகிறது. காம்பஸுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"அவர்தான். கத்தியோட."

"அய்யோ, அத்தனையும் கத்தி பண்ண வேலை! கத்தி இப்ப எங்க?"

"அவர்கூடப் போயிடுச்சு."

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரிக்கா. அப்ப இந்த அட்டை செல்லாது. ஆளில்லாம புதுசா போடணும்."

அடுத்த நாள் காலை இருவரும் படகைத் துறைக்கு வெளியே கொண்டுபோனார்கள். வெயில் பளிச்சென்று அடித்தது. கரையில் தண்ணீர்த் தொட்டியும் அதன் பின்னால் உள்ள கோபுரமும் ஒரே கோட்டில் வரும்போது காம்பஸைப் படிக்க வேண்டும். படகை எட்டுத் திசையிலும் திருப்பி எட்டு முறை படித்தார்கள். இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது.

டீச்சர் புது எண்களைப் பழைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எட்டும் அப்படியே பொருந்தின.

"யாருகிட்ட இரும்பு இருக்கு? பையைக் காலி பண்ணுங்கக்கா." டீச்சர் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்தாள். இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கயிறு, பிளாஸ்டிக் வாளி, நுரைத் தலையணை. இரும்பு என்று ஒரு ஆணிகூட இல்லை.

டீச்சர் தன் கைக் காம்பஸை எடுத்து இருக்கையின் மேலே மெல்ல நகர்த்தினாள். பலகையை ஒட்டி வைத்தபோது முள் அசையவில்லை. மேலே தூக்கினாள். நெஞ்சு உயரம் வந்ததும் முள் சட்டென்று திரும்பியது.

அங்கே காற்றுதான் இருந்தது.

டீச்சர் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"முள் என்ன காட்டுதோ அதை எழுதிக்குவோம்" என்றாள் கடைசியில். "அட்டையில காரணம் எழுத இடம் கிடையாதுக்கா."

அதன் பிறகு டீச்சர் அந்தப் படகில் ஏறவில்லை.

தேர்வு நாளில் சோதிக்க வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொள்வதால் துறைமுகத்தில் அவருக்கு 'மீட்டர்' என்று பேர். விதிப்படி மின்னணு வரைபடத் திரையை ஒரு துண்டால் மூடினார். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தவர் உடனே எழுந்தார்.

"இங்க ஈரமா இருக்கு" என்று வலப்பக்கம் மாறிக்கொண்டார்.

பலகை காய்ந்துதான் கிடந்தது.

டாக்டர் சுக்கான் பிடிக்க, அவள் தலைவியாக வழி சொல்ல வேண்டும். இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே ஒன்றரை மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய். நடுக்கோட்டின் திசை நாற்பது டிகிரி. அட்டைப்படி ஆறு கூட்டி, காம்பஸில் நாற்பத்தாறு வைத்து ஓட்டினால்தான் படகு நிஜமாக நாற்பதில் போகும். அந்த ஆறு டிகிரியை விட்டால் ஒரு மைலில் இருநூறு மீட்டர் ஒதுங்கிவிடும். பாறை அவ்வளவு தூரம்கூட இல்லை.

கால்வாய்க்குள் நுழைந்த பிறகுதான் மூடுபனி இறங்கியது.

முதலில் கரை போனது. பிறகு தண்ணீர். கடைசியில் படகின் முன்பக்கமும் போய், வெள்ளைச் சுவருக்குள் மூன்று பேர் மட்டும் மிச்சம் இருந்தார்கள். பின்னாலிருந்து நீரோட்டம் தள்ளியது. திரும்பிப் போக வழியில்லை.

"நாப்பத்தாறு" என்றாள்.

"நாப்பத்தாறு" என்றார் டாக்டர். குரல் வறண்டிருந்தது. "மேடம், இதுக்கு வாயே பரவாயில்ல."

அலை இடது தோள் பக்கமாகவே வந்து அடித்துக்கொண்டிருந்தது. ஒரே சீராக. அவள் நிமிடங்களை எண்ணினாள். நான்கு. ஐந்து.

டீசல் வாசனை வந்தது. இன்ஜின் ஓடவில்லை.

ஈரக் கம்பளி வாசனை.

இடப்பக்கப் பலகை கிறீச்சென்றது. உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தால் கேட்கும் சத்தம்.

"இதென்ன, காம்பஸ் தானா நாப்பதுக்கு ஓடிடுச்சு!" என்றார் டாக்டர். "சரி சரி, திருப்பி நாப்பத்தாறுல வச்சுட்டேன்."

அலை இப்போது முதுகுப் பக்கம் தள்ளி அடித்தது. படகு வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சிக்காக வாங்கிக் கழுத்தில் மாட்டியிருந்த தன் கைக் காம்பஸை அவள் பார்த்தாள். முள் வடக்கைக் காட்டவில்லை. அவளுடைய இடது தோளைக் காட்டியது. அவள் திரும்பினாள். முள்ளும் அவளோடு திரும்பியது.

வலப்பக்கம், பனிக்குள், தண்ணீர் பாறையில் உடையும் சத்தம்.

காதருகே ஜில்லென்று ஒரு மூச்சு.

"வாத்து. திருப்பு."

கை மரத்திருந்தது. அன்று போலவே.

வினாடி ஒன்று. இரண்டு. மூன்று.

"சரிங்க" என்றாள். கையை நீட்டி டாக்டரின் கைக்கு மேலேயே சுக்கானைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். "நாப்பதுல வைங்க. அட்டை வேண்டாம். இனிமே விலகல் கிடையாது."

வலப்பக்கம் கறுப்பாக ஒன்று பனியிலிருந்து எழுந்து, கைக்கெட்டும் தூரத்தில், பாசி வாசனையோடு நழுவிப் போனது. கொஞ்ச நேரத்தில் கால்வாய் முடிவில் இருக்க வேண்டிய சிவப்பு மிதவை நேர் எதிரே வந்து நின்றது.

துறைக்குத் திரும்பியதும் மீட்டர் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார். "காம்பஸ் மாறுனது எப்படித் தெரிஞ்சுது?"

"அலை அடிக்கற இடம் மாறிடுச்சு."

அவர் தலையாட்டி, 'தேர்ச்சி' என்று எழுதினார்.

டாக்டர் படகிலிருந்து இறங்கும்போது அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. யாருக்கு 'சரிங்க'ன்னு சொன்னீங்க?"

அவள் குனிந்து படகுக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

டீச்சர் துறையில் நின்றபடியே கைக் காம்பஸை நீட்டிப் பார்த்தாள். இடப்பக்க இருக்கைக்கு மேலே முள் அசையவே இல்லை. "போயிடுச்சுக்கா" என்றாள், முகம் மலர்ந்து. "புது அட்டை போட்டுடலாம். எல்லாத்துலயும் ஜீரோ."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து, கைக் காம்பஸைக் கழற்றிச் சமையலறை மேசையில் வைத்தாள். ஜன்னல் வடக்குப் பக்கம். முள் ஜன்னலைக் காட்டியது. வரைபடத்தை விரித்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள். எந்த நாள் போகலாம் என்று யோசித்தாள்.

ஆறு பத்துக்கு முள் ஜன்னலை விட்டு நகர்ந்தது. மெல்லச் சுற்றி வந்து அவளிடம் நின்றது.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டீசல் வாசனை வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு பத்தொன்பதுக்கு முள் திரும்ப ஜன்னலுக்குப் போனது.

ஒன்பது நிமிடம்.

அவள் ரப்பரை எடுத்து வரைபடத்திலிருந்த புள்ளியை அழித்தாள். அங்கே போக இனி அவசியமில்லை.

மறுநாளும் அதே நேரம், அதே ஒன்பது நிமிடம். அதற்கு மறுநாளும். அவள் எதிர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டு வைத்தாள். பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மேசையைத் துடைத்தாள், விளக்கைப் போட்டாள், ஆறு பத்துக்கு உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாள் அப்படியே போனது.

இன்று மணி ஆறு இருபது.

எதிர் நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருக்கிறது.

முள் இன்னும் ஜன்னலுக்குத் திரும்பவில்லை.